பென்டிரைவுக்குள் ஒரு முழு லினக்ஸ்: லாட்ஜ் அறையும் சொந்த வீடும்

"பென்டிரைவில் லினக்ஸ் போட்டிருக்கேன்" என்று யாராவது சொன்னால், எந்த மாதிரி போட்டிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி, கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒரு இயங்குதளம். அந்த ஒரே பேச்சுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. மூன்றையும் குழப்பிக்கொண்டு, லினக்ஸே சரிப்படாது என்று பாதியில் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

என் அக்கா பையனும் விட்டிருப்பான். குடியாத்தத்தில் வீடு, வேலூரில் ஒரு கல்லூரியில் பிசிஏ இரண்டாம் வருடம், சொந்தமாக லேப்டாப் கிடையாது. கல்லூரி லேபில் ஒரு கம்ப்யூட்டர், சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு வந்தால் என் டெஸ்க்டாப், ஊருக்குப் போனால் எதிர்வீட்டு அண்ணனின் லேப்டாப், இப்படி மூன்று இடத்தில் மாறி மாறி உட்காருவான். ஒருநாள் ராத்திரி போன் வந்தது. "இன்னா மாமா, நேத்து பென்டிரைவ்ல லினக்ஸ் போட்டு பைத்தான் புரோகிராம்லாம் அடிச்சு சேவ் பண்ணேன். இன்னிக்கு ஓபன் பண்ணா ஒண்ணுமே காணோம்." அவன் எதையும் அழிக்கவில்லை, பென்டிரைவும் கெடவில்லை. அவன் போட்டிருந்தது லைவ் லினக்ஸ். அது எப்போதும் அப்படித்தான் நடந்துகொள்ளும்.

லைவ் என்றால் என்ன என்று அவனுக்கு நான் சொன்னது நம்ம ஊர் லாட்ஜ் கணக்குதான். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் தங்குகிற லாட்ஜ்கள் வரிசையாக இருக்கும். அறைக்குள் போனால் கட்டில், ஃபேன், தண்ணீர் எல்லாம் தயார், பையை வைத்துவிட்டு உடனே படுக்கலாம். காலி செய்தால் பெட்ஷீட் மாற்றி, பெருக்கி, அறையைப் பழையபடி ஆக்கிவிடுவார்கள். அடுத்து வருகிறவருக்கு நீங்கள் இருந்த சுவடே தெரியாது. லைவ் லினக்ஸும் அப்படித்தான். நீங்கள் இறக்குகிற ஐஎஸ்ஓ ஃபைலுக்குள் மொத்த இயங்குதளமும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற முறையில் சுருக்கிக் கட்டிய ஒரே பொட்டலமாக இருக்கிறது, அதைப் படிக்க மட்டும்தான் முடியும், அதில் எழுத முடியாது. பூட் ஆனதும், அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து எழுந்ததும், அந்தப் பொட்டலத்தின் மேல் ரேமில் ஒரு மெல்லிய அடுக்கு விரியும், நீங்கள் அடிக்கிற ஃபைல், மாற்றுகிற வால்பேப்பர், இன்ஸ்டால் செய்கிற மென்பொருள் எல்லாம் அந்த அடுக்கில்தான் போய் விழும். கம்ப்யூட்டரை நிறுத்தினால் ரேம் காலி, அடுக்கும் காலி. சிடியில் லினக்ஸ் ஓட்டிய காலத்து ஏற்பாடு இது. 2000இல் வந்த நாப்பிக்ஸ் போன்றவை சிடியிலிருந்தே பூட் ஆகும், சிடியில் திரும்ப எழுத முடியாது என்பதால் வேறு வழியும் இல்லை. பென்டிரைவில் எழுத முடிந்தாலும் ஐஎஸ்ஓவை அப்படியே அதில் இறக்கினால் அது சிடி மாதிரியே நடந்துகொள்கிறது.

இரண்டாவது வகைக்குப் பெர்சிஸ்டன்ஸ் என்று பெயர். அதே லாட்ஜ் அறையை மாத வாடகைக்கு எடுத்து, மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி வைத்துக்கொள்கிற மாதிரி. ரேமில் விரித்த அந்த மேல் அடுக்கைப் பென்டிரைவிலேயே ஒரு தனி ஃபைலிலோ தனிப் பார்டிஷனிலோ (டிஸ்க்கில் பிரித்து ஒதுக்கிய பகுதி) வைத்துவிடுவார்கள், அதனால் நீங்கள் செய்தது நிற்கும். அவசரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் அடியில் இருக்கிற பொட்டலம் மாறாது என்பதால் அப்டேட் போடப் போட பழையதும் இருக்கும், புதியதும் மேலே ஏறிக்கொண்டே போகும், இடம் வேகமாக நிறையும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஒழுங்காக அப்டேட் செய்வதும் அதில் தொல்லை. எஃப்ஏடி32 என்ற பழைய ஃபைல் அமைப்புள்ள பார்டிஷனில் அந்தச் சேமிப்பை ஒரு ஃபைலாக வைத்தால் 4 ஜிபிக்கு மேல் போகவும் முடியாது. இரண்டு மாதம் கழித்து எப்படியும் வெறுத்துப் போவீர்கள் என்பதால் நான் இதை யாருக்கும் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் நாம் பேச வந்தது, முழு இன்ஸ்டால். இது சொந்த வீடு. லினக்ஸுக்குப் பென்டிரைவும் ஒரு டிஸ்க்தான், லேப்டாப்புக்குள் இருக்கிற ஹார்டு டிஸ்க்கில் எப்படி இன்ஸ்டால் ஆகுமோ அதேபோல இதிலும் ஆகும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் அமைப்பு, உங்கள் பெயரில் ஒரு கணக்கு, பாஸ்வேர்டு, கெர்னல் அப்டேட், எல்லாமே சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருப்பதுதான். ஒரே ஒரு வித்தியாசம், இந்த டிஸ்க் ஊர் சுற்றும். இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர், நாளைக்கு வேறு ஒன்று. இதில் வருகிற ஒவ்வொரு சிக்கலும், ஒவ்வொரு எச்சரிக்கையும் அந்த ஒரு விஷயத்திலிருந்துதான் பிறக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் மீதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இது யாருக்கு உதவும்? என் அக்கா பையன் மாதிரி, கம்ப்யூட்டர் சொந்தமாக இல்லாமல் கம்ப்யூட்டர் படிக்கிறவர்களுக்கு. நம் பக்கத்தில் அப்படி நிறைய பிள்ளைகள் இருக்கிறார்கள். லேப்டாப் வாங்க இயலாவிட்டாலும் ஒரு நல்ல பென்டிரைவ் வாங்கிவிட முடியும், அப்போது எந்த மேசையில் உட்கார்ந்தாலும் முன்னால் இருப்பது அவர்களுடைய கம்ப்யூட்டர். இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். அப்புறம், ஹார்டு டிஸ்க் செத்துப்போன லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தால் அதையும் இதைக்கொண்டு எழுப்பலாம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரம் வைத்திருக்கிறவர்கள் உள்ளே இருப்பதைத் தொடாமல் லினக்ஸை ஒரு மாதம் நிஜமாகப் புழங்கிப் பார்க்கவும் இது நல்ல வழி.

சரி, எந்த டிரைவ் வாங்குவது? இதில் கஞ்சத்தனம் பார்த்தால் பிறகு தினமும் அழ வேண்டியிருக்கும். 16 ஜிபியில் எப்படியோ அடக்கலாம், ஆனால் 32 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள், 64 என்றால் நிம்மதி. 32 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பது விண்டோஸில் ஏறக்குறைய 29.8 என்று தெரியும். அது ஏமாற்று இல்லை, தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. உண்மையான ஏமாற்று வேறு இருக்கிறது. ஒரு டெராபைட் என்று எழுதி நம்ப முடியாத விலைக்கு விற்கிற பென்டிரைவ்களுக்குள் பெரும்பாலும் சின்னச் சில்லுதான் இருக்கும், அது நிறைந்த பிறகு எழுதுகிறதெல்லாம் காணாமல் போகும். வாங்கியதும் விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகளில் ஒன்றை ஓட்டி முழுக் கொள்ளளவையும் சோதித்துவிடுங்கள்.

கொள்ளளவை விட வேகம் முக்கியம், இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். யூஎஸ்பி 2.0 என்பது நொடிக்கு 480 மெகாபிட், 3.0 என்பது 5 ஜிகாபிட், அதாவது பத்து மடங்குக்கு மேல், அதனால் 3.0 வாங்கி நீல நிற போர்ட்டில் செருகுங்கள், அதுவரை சரி. ஆனால் அட்டையில் போட்டிருக்கிற வேகம் ஒரு பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகக் காப்பி செய்யும்போது வருவது. வேலூரிலிருந்து சென்னைக்கு எங்கும் நிற்காமல் போகிற பஸ்ஸின் வேகம் அது. இயங்குதளம் ஓடும்போது நடப்பது வேறு. பிரவுசர் ஒரு சின்னக் குறிப்பு எழுதும், லாக் ஃபைல் இரண்டு வரி எழுதும், இன்னொரு மென்பொருள் நாலு கிலோபைட் படிக்கும், இப்படி ஆயிரக்கணக்கில். காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற டவுன் பஸ் மாதிரி, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று ஏற்றி இறக்கிப் போக வேண்டும். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது சின்னத் துண்டாக இருந்தாலும் அழிப்பது பெரிய கட்டமாகத்தான் நடக்கும், நாலு கிலோபைட்டை மாற்ற உள்ளே அதைவிடப் பல மடங்கு தரவை இடம் மாற்ற வேண்டியிருக்கும். மலிவான பென்டிரைவின் கன்ட்ரோலர் இதில் திணறிப்போய் நிற்கும், மவுஸ் நகரும் ஆனால் விண்டோ திறக்காது, நீங்கள் லினக்ஸைத் திட்டுவீர்கள். அதனால் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் பென்டிரைவ் வேண்டாம், யூஎஸ்பியில் செருகுகிற சின்ன எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாட்டா எஸ்எஸ்டி இருந்தால் அதற்கு ஒரு வெளி உறை மட்டும் வாங்கினால் போதும். வேகம், ஆயுள் இரண்டிலும் பென்டிரைவ் அதன் பக்கத்தில் நிற்காது.

இன்னொன்று நம்ம ஊருக்கென்றே சொல்ல வேண்டியது, சூடு. மே மாதம் இங்கே 40 டிகிரி தாண்டுவது வழக்கம். நகத்தளவே இருக்கிற குட்டிப் பென்டிரைவ்களுக்குச் சூட்டை வெளியேற்ற உடம்பே கிடையாது, மணிக்கணக்கில் இயங்குதளம் ஓடினால் தொடவே முடியாது, வேகமும் இறங்கிவிடும். கொஞ்சம் நீளமான உடம்புள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்ஸ்டால் செய்ய இரண்டு டிரைவ் வேண்டும் என்பது பலருக்கு ஆச்சரியம். ஒன்று 8 ஜிபி இருந்தால் போதும், அதில் லைவ் லினக்ஸை ஏற்றுவோம். இரண்டாவது, வீடு கட்டப்போகிற டிரைவ். முதல் டிரைவிலிருந்து பூட் செய்து, இரண்டாவதில் இன்ஸ்டால் செய்ய வேண்டும். எந்த லினக்ஸ் என்று கேட்டால், புதியவர்களுக்கு நான் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைத்தான் சொல்வேன், அது இலகுவானது, 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும். உபுண்டுவும் டெபியனும் தாராளமாகப் போடலாம். ஐஎஸ்ஓவை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, ஃபைல் பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்ட அங்கேயே கொடுத்திருக்கிற எஸ்எச்ஏ256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் நெட் விட்டு விட்டு வந்து இறங்கிய ஐஎஸ்ஓ, இன்ஸ்டால் நடுவில் புரியாத பிழையாக வந்து நிற்கும். பிறகு ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் கொண்டு முதல் டிரைவில் ஏற்றுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பூட் மெனு சாவியைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப்.

இனிதான் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

லைவ் கதையைக் கேட்ட அக்கா பையன், சரி மாமா முழுசாவே போட்டுடறேன் என்று எதிர்வீட்டு அண்ணனின் லேப்டாப்பில் உட்கார்ந்து அவனாகவே இன்ஸ்டால் செய்துவிட்டான். பென்டிரைவைத்தான் தேர்ந்தெடுத்தான், இன்ஸ்டாலும் பென்டிரைவில்தான் ஆனது, அந்த லேப்டாப்பில் அருமையாக வேலையும் செய்தது. டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறிவிட்டான். அன்று சாயங்காலம் அந்த அண்ணன் லேப்டாப்பைத் திறந்தால் விண்டோஸ் வரவில்லை, கறுப்புத் திரையில் க்ரப் என்று ஒரு சொல்லும் கண்சிமிட்டுகிற கோடும் மட்டும். இங்கே வேலூரில் என் டெஸ்க்டாப்பில் அந்தப் பென்டிரைவைச் செருகினால் அதுவும் பூட் ஆகவில்லை. ஒரே தவறு, இரண்டு ஊரில் இரண்டு கம்ப்யூட்டர் நின்றுபோனது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். இன்றைய கம்ப்யூட்டர்களில் யூஇஎஃப்ஐ என்ற அமைப்பு இருக்கிறது. அது இயங்குதளத்தை நேராகத் தேடாது, டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்டிஷன் என்று சின்னதாக ஒரு எஃப்ஏடி32 பகுதி இருக்கும், அதில் இருக்கிற, இயங்குதளத்தை எழுப்புகிற பூட்லோடரைத்தான் முதலில் கூப்பிடும். லினக்ஸில் அந்தப் பூட்லோடரின் பெயர் க்ரப். எந்த பூட்லோடர் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை யூஇஎஃப்ஐ மதர்போர்டில் உள்ள நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். அவன் பயன்படுத்திய நிறுவி, அதாவது இன்ஸ்டால் செய்கிற மென்பொருள், லினக்ஸைப் பென்டிரைவில் போட்டுவிட்டு, க்ரப்பை மட்டும் லேப்டாப்பின் உள் டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்டிஷனில் போட்டுவிட்டது. வீட்டை இங்கே கட்டிவிட்டு, சாவியை எதிர்வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தது போல. சாவி இல்லாமல் பென்டிரைவ் வேறெங்கும் திறக்காது, வீடு இல்லாமல் அந்த லேப்டாப்பில் இருக்கிற க்ரப்புக்குப் போக இடம் தெரியாது. பல நிறுவிகள் வெகுகாலமாக இப்படித்தான் நடந்துகொள்கின்றன, பூட்லோடர் எங்கே போக வேண்டும் என்று நீங்கள் பென்டிரைவைச் சுட்டிக் காட்டினாலும் சில நேரம் கேட்பதில்லை.

அந்த அண்ணனுக்கு எதுவும் அழியவில்லை. போனிலேயே வழி சொன்னேன்: பயாஸ் செட்டப்புக்குள் (யூஇஎஃப்ஐயின் அமைப்புப் பக்கத்தையும் பழைய பழக்கத்தில் இப்படித்தான் சொல்கிறோம்) போய் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றினார், விண்டோஸ் பழையபடி வந்தது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பதறி விண்டோஸை மறுபடி போட ஓடாதீர்கள், முதலில் இதைப் பாருங்கள்.

வராமலே தடுப்பதற்கு மிக நிச்சயமான வழி, இன்ஸ்டால் செய்யும்போது உள் டிஸ்க் கண்ணிலேயே படாமல் செய்வது. டெஸ்க்டாப் என்றால் பவரை அணைத்து உள் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள், ஒரு நிமிட வேலை. நாங்கள் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தோம். லேப்டாப்பைத் திறக்கப் பயமாக இருந்தால், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போலக் காட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கே இல்லாத ஒரு மெய்நிகர் இயந்திரம் உருவாக்கி, அதில் இஎஃப்ஐயை இயக்கி, பென்டிரைவை மட்டும் அதற்குக் கொடுத்து இன்ஸ்டால் செய்யலாம், உள் டிஸ்க் இருப்பதே அதற்குத் தெரியாது. இன்னொரு வழி, லைவ் லினக்ஸில் ஜிபார்ட்டட் என்ற பார்டிஷன் கருவியைத் திறந்து உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்டிஷனுக்கு இருக்கிற பூட், இஎஸ்பி என்ற இரண்டு அடையாளங்களைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப வைப்பது. இது வேலை செய்யும், ஆனால் முதல்முறை செய்கிறவர்கள் அடுத்தவர் லேப்டாப்பில் இதைச் செய்ய வேண்டாம் என்பேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயமும் இருக்கிறது. பென்டிரைவை முதல்முறை பார்க்கிற கம்ப்யூட்டரின் பட்டியலில் உங்கள் க்ரப்பின் பெயர் இருக்காது அல்லவா? அப்படிப்பட்ட டிரைவ்களுக்காக யூஇஎஃப்ஐயில் ஒரு பொது விதி உண்டு: இஎஃப்ஐ பார்டிஷனில் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல் இருந்தால் அதை எந்தக் கம்ப்யூட்டரும் கூப்பிடும். க்ரப் இந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். க்ரப்-இன்ஸ்டால் கட்டளையில் ரிமூவபிள் என்ற தெரிவைக் கொடுத்தால் அது அங்கேதான் வைக்கும், டெபியன் நிறுவியின் எக்ஸ்பர்ட் முறையில் இதைக் கேள்வியாகவே கேட்பார்கள். இன்ஸ்டால் முடிந்ததும் ஃபைல் மேனேஜரில் போய் அந்த ஃபைல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். இருந்தால் உங்கள் வீட்டுச் சாவி உங்கள் பையிலேயே இருக்கிறது.

பார்டிஷன் பிரிப்பதை நிறுவியிடம் தானாக விடாமல், கையால் செய்கிற வழியைத் தேர்ந்தெடுங்கள். எந்த டிஸ்க் என்று கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், இரண்டு தடவை. ஜிபிடி என்ற பார்டிஷன் அட்டவணை போட்டு, முதலில் 512 எம்பிக்கு இஎஃப்ஐ பார்டிஷன், மீதி முழுவதும் இஎக்ஸ்டி4. ரேம் போதாதபோது டிஸ்க்கைப் பயன்படுத்துகிற ஸ்வாப் பார்டிஷன் வேண்டாம், பென்டிரைவில் அது வேகத்தையும் கெடுக்கும் ஆயுளையும் குறைக்கும், ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிற இசட்ரேமைப் பிறகு இயக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு ஃபைல் பரிமாற வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் சில ஜிபிக்கு, விண்டோஸுக்கும் புரிகிற எக்ஸ்ஃபேட் பார்டிஷன் ஒன்று வையுங்கள். பழைய விண்டோஸ் பதிப்புகள், பென்டிரைவில் இருக்கிற முதல் பார்டிஷனை மட்டும்தான் காட்டும் என்பதால் முன்னால் வைக்கச் சொல்கிறேன். 2011 முதல் அரசு கொடுத்த லேப்டாப்களில் பழையது ஒன்று வீட்டில் இருந்து, அது யூஇஎஃப்ஐ இல்லாத பழைய பயாஸ் இயந்திரமாக இருந்தால், அதிலும் பூட் ஆக 1 எம்பிக்கு பயாஸ் க்ரப் என்ற குட்டிப் பார்டிஷன் ஒதுக்கி க்ரப்பின் இரண்டு வடிவத்தையும் போட வேண்டும். அந்த லேப்டாப்களில் பல, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸோடும் வந்தன, நம் வீடுகளுக்கு லினக்ஸ் ஒன்றும் புது விருந்தாளி இல்லை.

இந்த டிரைவை ஓடுகிற விண்டோஸில் செருகினால், ஃபார்மேட் செய்தால்தான் இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முடியும் என்று ஒரு செய்தி வரலாம். விண்டோஸுக்கு இஎக்ஸ்டி4 புரியாததால் வருகிற செய்தி அது. ரத்து செய்யுங்கள். சரி என்று அழுத்தினால் உங்கள் மொத்த வீடும் போய்விடும். டிரைவை யாருக்காவது கொடுத்தால் இதை முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

முதல் பூட் வந்துவிட்டது. இப்போது எழுத்து வேலையைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் ஃபிளாஷ் செல்லுக்கு ஆயுள் இவ்வளவு தடவை எழுதலாம் என்ற கணக்கில்தான். ஒரு ஃபைலைப் படித்தால்கூடப் படித்த நேரத்தை அவ்வப்போது குறித்து வைப்பது லினக்ஸின் வழக்கம், பார்டிஷன்களின் பட்டியல் இருக்கிற எஃப்எஸ்டேப் ஃபைலில் நோஏடைம் என்று சேர்த்தால் அது நின்றுவிடும். ஃபயர்ஃபாக்ஸில் டிஸ்க் கேஷை நிறுத்தி ரேமில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள், இது ஒன்றிலேயே வித்தியாசம் தெரியும். அப்டேட்டுகளைத் தினமும் போடாமல் வாரம் ஒருமுறை உட்கார்ந்து போடுங்கள். ஹைபர்னேட் வேண்டாம். ஸ்லீப்பும் கவனம், சில லேப்டாப்கள் தூங்கும்போது யூஎஸ்பிக்குக் கரண்டை நிறுத்திவிடும், எழுந்து பார்க்கும்போது டிஸ்க்கே காணாமல் போயிருக்கும். நிறுத்தும்போது முறையாக ஷட்டவுன் கொடுத்து, திரை முழுக்க அணைந்த பிறகே டிரைவை எடுக்க வேண்டும். நீங்கள் சேவ் செய்தது உடனே டிரைவுக்குப் போவதில்லை, கொஞ்ச நேரம் ரேமில் காத்திருந்துதான் போகும். கரண்ட் போய்விட்டால் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கிற இஎக்ஸ்டி4இன் ஜர்னல் பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து அதையே நம்பியிருக்க வேண்டாம்.

வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போனால் வேறு ஹார்டுவேர், அதில் ஓடுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். ஓடும். விண்டோஸ் பழக்கத்தில் டிரைவர் தேடிப் போட்டவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் லினக்ஸ் கெர்னலோடு பெரும்பாலான டிரைவர்கள் சேர்ந்தே வருகின்றன, ஒவ்வொரு பூட்டிலும் முன்னால் இருக்கிற ஹார்டுவேரைப் பார்த்துத் தேவையானதை ஏற்றிக்கொள்ளும். டிஸ்க்கின் பெயர் இங்கே எஸ்டிஏ, அங்கே எஸ்டிபி என்று மாறினாலும் பிரச்சினை இல்லை, இன்றைய நிறுவிகள் யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணைக்கொண்டே பார்டிஷனைத் தேடுகின்றன. நீங்கள் செய்யக்கூடாத ஒன்று, ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டருக்காக என்விடியாவின் சொந்த டிரைவரைப் போடுவது. அடுத்த கம்ப்யூட்டரில் அது படுத்தலாம், திறமூல டிரைவரோடு இருந்துவிடுங்கள். ஆப்பிளின் எம்1 முதலான சில்லுகள் உள்ள மேக்கில் இது பூட் ஆகாது, அது வேறு வகைப் புராசசர். விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருக்கலாம், பயாஸ் அமைப்புகளை மாற்றினால் மீட்புச் சாவி கேட்கும், அது கையில் இல்லாமல், கையொப்பமிட்ட பூட்லோடரை மட்டும் அனுமதிக்கிற செக்யூர் பூட் என்ற அமைப்பைத் தொடாதீர்கள். உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றும் செக்யூர் பூட் இருக்கும்போதே பூட் ஆகக்கூடியவை.

கடிகார விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எதிர்வீட்டு அண்ணன் அதற்கும் ஒருமுறை போன் செய்தார். நீங்கள் லினக்ஸ் ஓட்டிவிட்டுப் போன பிறகு விண்டோஸில் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், இந்திய நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே 5 மணி 30 நிமிடம். கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே வைக்கச் சொல்லி லினக்ஸில் ஒரு அமைப்பு உண்டு, அதை மாற்றிவிட்டால் அடுத்தவர் கம்ப்யூட்டரில் நேரம் கெடாது.

அடுத்தவர் கம்ப்யூட்டர் என்பதால் இன்னொன்று. பென்டிரைவ் லினக்ஸிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் இருக்கிற, என்கிரிப்ட் செய்யப்படாத ஃபைல்கள் எல்லாம் பாஸ்வேர்டு கேட்காமல் தெரியும். அதைத் திறக்காதீர்கள். லேபில் என்றால் முதலில் சாரிடம் கேளுங்கள், பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அவர் உதவியில்லாமல் முடியவும் முடியாது. இதே கணக்கு உங்கள் டிரைவுக்கும் பொருந்தும். பஸ்ஸில் தவறவிட்டால் எடுத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம். இன்ஸ்டால் செய்யும்போதே லக்ஸ் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பூட்டிலும் ஒரு பாஸ்வேர்டு கேட்கும், கொஞ்சம் வேகம் குறையும். வெளியே எடுத்துப்போகிற டிரைவுக்கு நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

இதெல்லாம் ஒருமுறை செய்கிற வேலை. அதற்குப் பிறகு கிடைக்கிற சுகம் தினமும் கிடைப்பது. அக்கா பையன் தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வைத்திருக்கிறான், 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய அதே அமைப்பு. எந்த லேபிலும் யாரிடமும் ஃபான்ட் இருக்கிறதா, கீபோர்டு போட்டுத் தருவீர்களா என்று கேட்க வேண்டியதில்லை. நோட்டோ தமிழ் எழுத்துரு, அவன் பைத்தான் அமைப்பு, பாதியில் விட்ட புரோகிராம், திறந்து வைத்த பக்கம் எல்லாம் காட்பாடியில் விட்ட இடத்திலேயே குடியாத்தத்தில் இருக்கும்.

கடைசி வேலை, பேக்கப். பென்டிரைவ் முன்னறிவிப்பே இல்லாமல் சாகும், ஹார்டு டிஸ்க் மாதிரி சத்தம் போட்டு எச்சரிக்காது. வேலைகளை வாரம் ஒருமுறை வேறெங்காவது காப்பி செய்வது ஒரு பக்கம். அதோடு, எல்லாம் நன்றாக ஓடுகிற ஒருநாள் பார்த்து, லைவ் டிரைவிலிருந்து பூட் செய்து, டிஸ்க்ஸ் என்ற மென்பொருளில் டிஸ்க் இமேஜ் உருவாக்குகிற தெரிவைக்கொண்டு மொத்த டிரைவையும் ஒரே ஃபைலாக எடுத்து வையுங்கள். டிரைவ் செத்தால் அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஒன்று வாங்கி அந்த ஃபைலை இறக்கினால் பழைய வீடு திரும்ப வந்துவிடும். நாங்கள் தீபாவளி லீவில் அப்படி ஒரு நகலை இரண்டாவது பென்டிரைவிலேயே இறக்கி, பூட் ஆகிறதா என்று என் டெஸ்க்டாப்பிலும் எதிர்வீட்டு லேப்டாப்பிலும் பார்த்தோம், இரண்டிலும் ஆனது. அது இப்போது குடியாத்தத்தில் அக்காவின் பீரோவில், ஒரு சின்ன டப்பாவில், ஃபார்மேட் செய்யக்கூடாது என்று எழுதி ஒட்டிய காகிதத்தோடு இருக்கிறது.